கிணற்றின் மேல் போட்ட மேடை

எங்கள் காலனிக்கு ஒரு பூங்கா உண்டு என்று வரைபடத்தை மட்டும் பார்த்தவர்கள் சொல்வார்கள். மைசூரின் தெற்கு ஓரத்தில், ராகி விளைந்த நிலத்தை மனைகளாக வெட்டி விற்றபோது நடுவில் ஒரு துண்டை விட்டு அதற்குப் பச்சை மை அடித்திருந்தார்கள். நேரில் போனால் உண்ணிச்செடிப் புதரும், வீடு கட்டியவர்கள் கொட்டிய செங்கல் துண்டுகளும், நிலத்துக்காரர் காலத்துக் கிணறும்தான் இருந்தன. கிணற்றுக்கு ஒரு காலத்தில் கைப்பிடிச் சுவர் இருந்திருக்கிறது. அந்தக் கற்கள் எங்கே போயின என்று யாரும் கேட்பதில்லை. காலனியில் பல வீடுகளின் வாசற்படிகள் நல்ல பழைய கல்லால் ஆனவை என்பதோடு நானும் நிறுத்திக்கொள்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் மகள் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. இறகுப்பந்து கிணற்றோரம் விழுந்ததாம். எடுக்கப் போனாளாம். கால் வழுக்கியதாம். உண்ணிச்செடியைப் பிடித்துக்கொண்டாளாம்.

"அப்பா, செருப்பு உள்ள விழுந்துடிச்சு. உடனே சத்தமே கேக்கல. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் கேட்டுது" என்றாள். அவளுக்கு அது ஒரு விஞ்ஞான ஆச்சரியம். உள்ளங்கையில் முள் கிழித்த கோடுகளை அவள் அம்மாவிடம் காட்டி மருந்து போடச் சொன்னாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சில வருடங்கள் ஓடிவிட்டன. ஆனாலும், இப்போது 'ரொம்ப நேரம்' என்ற சொல்லை எழுதிவிட்டு எழுந்துபோய், அவள் பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருக்கிறாளா என்று பார்த்துவிட்டு வந்தேன். படித்துக்கொண்டிருந்தாள். எதற்கு எட்டிப் பார்க்கிறாய் என்று கேட்டாள். மின்விசிறி சத்தம் போடுகிறதே, அதற்கு என்றேன்.

எனக்குத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. எது எங்கே உடையும், எப்போது உடையும் என்று நாள் முழுவதும் யோசிப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் அதையே இலவசமாகச் செய்வதாக என் மனைவி சொல்வாள். குழந்தை பிறந்தபோது எனக்கு நாற்பதை நெருங்கியிருந்தது. அந்த வயதில் அப்பாவானவனுக்கு மாடிப்படி, பிளக் பாயின்ட், பால்காரரின் சைக்கிள் எல்லாமே எதிரிகள். கிணறு வேறு வந்து சேர்ந்தது.

முதலில் உரிய அலுவலகத்துக்குப் போனேன். பூங்கா இன்னும் தங்களிடம் முறைப்படி ஒப்படைக்கப்படவில்லை, ஒப்படைக்கப்படாத இடத்தில் கிணறு இருப்பது தங்களுக்குத் தெரியாது என்றார்கள். நான்தான் இப்போது சொல்கிறேனே என்றேன். அது தெரிந்ததாக ஆகாது என்று அன்பாக விளக்கினார்கள்.

எனவே காலனிச் சங்கத்துக்கு வந்தேன். மண்ணைக் கொட்டித் தூர்த்துவிடலாம் என்றேன். கூட்டத்தில் ஒரே கூச்சல். கிணற்றைத் தூர்த்தால் அதில் குடியிருக்கிற நீர்த்தெய்வம் கங்கம்மா சும்மா இருப்பாளா? காலனிக்கே ஆகாதாம். அதே கங்கம்மாவின் வாயில் ஆறு வயதுக் குழந்தை விழப் பார்த்ததே என்று கேட்டேன்.

"விழல இல்லயா சார்? அதுதான் அவளோட கருணை" என்றார் ஒருவர். 

கடைசியில், தூர்க்க வேண்டாம், கங்கம்மாவுக்குக் காற்று வருகிற மாதிரி இரும்புக் கம்பி மூடி போடலாம் என்று முடிவாயிற்று. மூடிக்குப் பணம் வேண்டும். வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற காரியம். ஆனால் அந்த வாரம்தான் எங்கள் சங்கத் தலைவர் இங்கிலாந்திலிருந்து திரும்பியிருந்தார்.

தலைவர் வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற தமிழர். மகளோடு தங்க அங்கே ஒரு கிராமத்துக்குப் போய், கோடையிலிருந்து குளிர்காலம் வரை இருந்து, கம்பளித் தொப்பியோடும் கருத்துகளோடும் வந்திருந்தார்.

"நீங்க ரொம்ப டென்ஷன் ஆகறீங்க சார். என் மகள் இருக்கற கிராமத்துல சர்ச் கூரை ஒழுகிச்சு. அவங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? கேக் செஞ்சாங்க."

"கூரைக்கா?"

"கேக் செஞ்சு வித்தாங்க சார்! ஊர்ல எல்லாரும் எதையாவது செஞ்சு எடுத்துட்டு வருவாங்க, எல்லாரும் வாங்குவாங்க. ஜாம், ஊறுகா, பழைய புஸ்தகம். ஒரு பெரிய கேக்கை நடுவுல வெச்சு, எடை எவ்வளவுன்னு சொன்னா பரிசு. வாலன்டியர் ஸ்பிரிட்! ஒரே மத்தியானத்துல கூரை ரெடி."

ஒரே மத்தியானத்தில் என்ற சொற்கள் மட்டும்தான் என் காதில் ஏறின. கை தூக்கி ஆதரித்தேன். அந்த மத்தியானம் வருவதற்கு மார்கழியிலிருந்து வைகாசி வரை ஆயிற்று. கூட்டத்துக்குக் கூட்டம் விழா வளர்ந்தது. முதலில் ஷாமியானா வேண்டும் என்றார்கள். ஷாமியானா இருந்தால் மைக் வேண்டாமா? மைக் இருந்தால் பேச ஆள் வேண்டாமா? பேச ஆள் என்றால் சிறப்பு விருந்தினர். அவர் என்றால் சால்வை, சந்தன மாலை, பழக்கூடை, தலைக்கு ஜரிகை வைத்த மைசூர் பேட்டா. அவர் உட்கார ஒரு மேடை. இந்தக் கூட்டங்களில் கிணறு என்ற சொல்லைச் சொல்கிற ஒரே ஆள் நான். நான் எழுந்தாலே தலைவர், "சார் கிணறு சொல்லப் போறார்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அந்த மாதங்கள் முழுவதும் என் மகளைப் பூங்காப் பக்கம் விடவில்லை. மற்ற குழந்தைகள் வழக்கம்போல அங்கேயே விளையாடின. நான் வேலையிலிருந்து வரும்போது சைக்கிளை நிறுத்தி அவர்களை எண்ணுவேன். என்னைக் கண்டாலே பிள்ளைகள், "எண்ணற அங்கிள் வர்றாரு!" என்று கத்துவார்கள்.

விழா நாள் காலையில் மைதானத்துக்குப் போனேன். புதர் வெட்டி, சுத்தம் செய்து, கோலம் போட்டு, தோரணம் கட்டி, பார்க்க அழகாக இருந்தது. கிணற்றைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் மேடை இருந்தது.

ஷாமியானாக்காரர் ஹனூருக்கு அப்பால், தமிழ்நாட்டு எல்லைப்பக்கம் இருக்கிற கௌதள்ளியிலிருந்து வந்து மைசூரில் தொழில் செய்கிறவர். கிணற்றுக்குக் குறுக்கே யூகலிப்டஸ் கட்டைகளைப் போட்டு, அதன்மேல் பலகை அடுக்கி, சிவப்புக் கம்பளம் விரித்துவிட்டு, பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு அடியில கிணறு இருக்கறது உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியுமுங்க. தலைவருதான் இங்க போடச் சொன்னாருங்க."

"தாங்குமா?"

"போன மாசம் மட்டும் நாலு கல்யாணம் தாங்கின பலகைங்க இது."

"அந்தக் கல்யாணத்துக்கெல்லாம் அடியில கிணறு இருந்துதா?"

"அதைய கட்டிக்கிட்டவங்களைத்தானுங்க கேக்கோணும்" என்று புகையை விட்டார்.

தலைவரைத் தேடி ஓடினேன். அவர் கழுத்துப்பட்டை கட்டி, இங்கிலாந்துத் தொப்பியும் போட்டிருந்தார். வைகாசி வெயிலில் முகம் தக்காளியாகியிருந்தது.

"சீஃப் கெஸ்ட் வர்ற நேரத்துல நடுவுல இப்படி ஓட்டை தெரிஞ்சா காலனிக்கு மரியாதையா சார்?"

"அந்த ஓட்டையை மூடத்தானே இந்த விழாவே?"

"ஆமா. அதுக்காக அதைக் காட்டணுமா?"

 காலனிக் குழந்தைகளின் கூட்டு நடனம் அந்த மேடையில்தான். என் மகள் அதில் மயில். ஒரு மாதமாக வீட்டில் தோகையோடுதான் சாப்பிட்டாள்.

மனைவியிடம் போய்ச் சொன்னேன். அவள் கோடுபளே என்கிற வளைய முறுக்குக் கடைக்குப் பொறுப்பு. காலையிலிருந்து சுட்ட எண்ணெய் வாசனையோடு நின்றிருந்தாள். "நான் என்னங்க பண்றது? நீங்க போய் மேடைக்குக் கீழ கை குடுத்துத் தாங்கிக்கிட்டு நில்லுங்க" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். நான் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தேன். மேடையின் ஓரக் கட்டையில் ஒரு கையை வைத்துக்கொண்டு விழா முடிகிறவரை நின்றேன்.

அங்கிருந்து பார்த்தபோதுதான் எங்கள் நிதி திரட்டல் எப்படி நடக்கிறது என்று தெரிந்தது.

இதற்கு ஒரு பின்னணி உண்டு. சில வருடங்களுக்கு முன் காவிரித் தண்ணீருக்காக ஊர் பற்றியெரிந்த நாட்களில், எங்கள் தெருவில் தமிழ் வீடுகளை எதிர்வீட்டுக் கன்னடக்காரர்கள்தான் காபந்து செய்தார்கள். நாங்கள் ஒரு ராத்திரி முழுவதும் பக்கத்து வீட்டுச் சமையலறையில் இருந்தோம். அதிலிருந்து காலனியில் எல்லோரும் எல்லோரிடமும் பயங்கர மரியாதையாகிவிட்டார்கள். ஒருவர் கிண்ணத்தில் ரசம் கொடுத்தால் மற்றவர் அதே கிண்ணத்தில் பாயசம் வைத்துத் திருப்புவார். அந்தக் கிண்ணம் காலியாக எந்த வீட்டுக்கும் திரும்பியதில்லை. இப்படிப்பட்டவர்களைத்தான் எங்கள் தலைவர் கடை போட்டு உட்கார வைத்திருந்தார்.

பக்கத்து வீட்டு அம்மாவின் பிசிபேளே பாத் கடைக்கு என் மனைவி போய்ப் பணத்தை நீட்டினாள்.

"சீ, சீ! நிம்ம ஹத்ர துட்டா?" என்று அந்த அம்மா தீயைத் தொட்டவர்போலக் கையை இழுத்துக்கொண்டார். உன்னிடம் காசு வாங்குவதா, என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று திட்டி, இலை நிறையப் போட்டு, மேலே நெய்யும் விட்டு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் அவர் கோடுபளே வாங்க வந்தார். என் மனைவி, "ஐயோ, உங்ககிட்ட காசு வாங்கினா என் கை விளங்குமா?" என்று பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். ஒப்பட்டு என்கிற போளிக் கடையிலும் இதுவே நடந்தது. எலுமிச்சை சாதக் கடையில் ஒருவர் வலுக்கட்டாயமாகப் பணத்தை வைத்துவிட்டு ஓட, கடைக்காரப் பெண்மணி துரத்திக்கொண்டு போய் அவர் சட்டைப் பையில் திணித்துவிட்டு வந்தார். மைதானம் முழுவதும் கல்யாண வீடு மாதிரி உபசாரம். எல்லோரும் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். ஒவ்வொரு கடையிலும் வைத்திருந்த தகர உண்டியல் மட்டும் பட்டினி கிடந்தது.

எடை சொல்லும் போட்டி இன்னும் விசேஷம். கேக்குக்குப் பதில் பெரிய பலாப்பழம் வைத்திருந்தார்கள். பழுத்த பலாவை வெயிலில், குழந்தைகளின் மூக்குக்கு நேராக வைத்துவிட்டு எடை மட்டும் சொல்லுங்கள் என்றால் எந்த மனிதருக்குப் பொறுக்கும்? தராசு வருவதற்குள் யாரோ ஒரு புண்ணியவதி கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அரிந்து, சுளை சுளையாக எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். எடை தெரியாமலே போட்டி முடிந்தது. எனக்கும் ஒரு சுளை வந்தது. ஒரு கை கட்டையில் இருந்ததால் மற்ற கையால் வாங்கிக்கொண்டேன்.

தலைவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே, "அங்க இப்படி இல்ல சார். அங்க சொந்தத் தம்பிகிட்டயே காசு வாங்குவாங்க" என்றார். குரலில் ஏக்கம்.

சிறப்பு விருந்தினர் வந்தார். நகரத்தில் செல்வாக்குள்ள பிரமுகர், நல்ல ஆகிருதி. அவர் படியேறியபோது கட்டை என் கையில் முனகியது. அவருக்குப் பின்னால் தலைவர், செயலாளர், பொருளாளர், முன்னாள் தலைவர்கள், வரவேற்புரையாளர், நன்றியுரையாளர், பழக்கூடை தூக்குபவர். ஒருவரையும் விட முடியாது, மனஸ்தாபம் வந்துவிடும். பேட்டா வைத்தார்கள், சால்வை போர்த்தினார்கள். தன்னலமற்ற தொண்டு பற்றி விருந்தினர் நீண்ட நேரம் பேசினார். அழுத்திச் சொல்ல வேண்டிய இடங்களில் காலால் தட்டிப் பேசுகிற பழக்கம் அவருக்கு. ஒவ்வொரு தட்டுக்கும் கட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். எங்கள் நிர்வாகக் குழு முழுவதும் ஒரே அடியாக உள்ளே போவதை நினைத்துப் பார்த்தேன். பயமாக இருந்தது, பயமாக மட்டும் இருந்தது என்று சொன்னால் அது பொய்.

பிறகு நடனம் அறிவித்தார்கள். என் மகள் தோகையோடு படி அருகே வந்து நின்றாள். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவது என்று தீர்மானித்து, கட்டையிலிருந்து கையை எடுத்தேன். அவளை எடுத்தால் மற்ற பிள்ளைகள்? எத்தனை பேரைத் தூக்குவேன்?

என்னைக் காப்பாற்றியது எங்கள் சங்கம்தான். நடனத்துக்கு இடம் வேண்டும், பெரியவர்கள் கொஞ்சம் கீழே இறங்குங்கள் என்று மைக்கில் கேட்டுக்கொண்டார்கள். ஒருவரும் அசையவில்லை. விருந்தினர் பக்கத்து நாற்காலியை விட்டால் போட்டோவில் விழ முடியுமா? மறுபடி கேட்டார்கள். செயலாளர் பொருளாளரைப் பார்த்தார், பொருளாளர் வானத்தைப் பார்த்தார். கடைசியில், "குழந்தைகள் கீழேயே ஆடட்டும், அதுதான் இயற்கை" என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். கெட்டியான மைசூர் மண்ணின் மேல் என் மகள் மயிலாக ஆடினாள். பதவி ஆசையை அன்றிலிருந்து நான் குறைத்துப் பேசுவதில்லை.

எல்லாம் முடிந்து விருந்தினர் போனதும் ஆட்கள் கம்பளத்தைச் சுருட்டினார்கள். ஒருவர் முதல் பலகையைப் பெயர்த்தார். கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. அதிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. நிஜமாகவே வந்ததா என்று இப்போது சொல்ல முடியவில்லை.

தலைவரிடம் போய், "மூடிக்கு எவ்வளவு சேர்ந்தது?" என்றேன்.

"சார், நோக்கம்தான் முக்கியம்."

"சேர்ந்தது எவ்வளவு?"

"கம்பிக்கு அடிக்கற பெயின்ட் வாங்கலாம்" என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

 திரும்பிப் போய் மேடையில் ஏறி, மீதிப் பலகைகளின் நடுவில் நின்றுகொண்டேன். விழா முழுவதும் எந்தப் பலகையை நம்பாமல் செத்துப் பிழைத்தேனோ, அதே பலகை. வேறு வழி தெரியவில்லை.

"சார், எறங்குங்க. விடிஞ்சா நஞ்சன்கூட்டுல கல்யாணமுங்க" என்றார் ஷாமியானாக்காரர்.

"பலகையை எடுக்காதீங்க."

"எம் பலகையை நான் எடுக்காம?"

"எடுத்தா யாராவது குழந்தை விழும்."

"அப்ப நீங்க எறங்கவே மாட்டீங்களா?"

"மாட்டேன்."

தலைவர் வந்தார். நாளைக்குக் கமிட்டியில் பேசலாம் என்றார். செயலாளர் வந்தார். இது காலனிக்கு அவமானம் என்றார். கூட்டம் கூடிவிட்டது. எண்ணற அங்கிள் கிணற்று மேல நிக்கறாரு என்று பிள்ளைகள் கத்தினார்கள். என் மகள் தோகையைக் கையில் பிடித்தபடி வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "அப்பா, எல்லாரும் சிரிக்கறாங்க. கீழ வா."

"நீ தள்ளி நில்லும்மா. அந்தப் பக்கம் பலகை இல்ல."

அவள் தள்ளி நின்றாள். யார் அது என்று கேட்ட வெளித்தெருப் பெண்ணிடம், "தெரியல" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

மனைவி வந்து என்னைப் பார்த்தாள். பெயர்த்த பலகையின் இடைவெளியைப் பார்த்தாள். முதல் தடவையாக அவள் கேலி செய்யவில்லை. அப்போதுதான் அவள் மகளின் கையில் கண்ட முள் கோடுகளையும் இந்தக் கிணற்றையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஷாமியானாக்காரர் பக்கம் திரும்பி, "அண்ணா, காலையிலேர்ந்து நீங்களும் உங்க ஆளுங்களும் ஒரு வாய் சாப்பிடலயே. முதல்ல உக்காருங்க" என்றாள்.

"நேரமாகுதுங்க அக்கா…"

"உக்காருங்கன்னு சொல்றேன்ல."

இலை போட்டாள். அவ்வளவுதான், எங்கள் காலனிப் பெண்கள் விழித்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு அம்மா அண்டாவோடு வந்து பிசிபேளே பாத்தைக் கொட்டினார். ஒப்பட்டு வந்தது. வேண்டாம் என்று கையால் இலையை மறைத்தவர்களுக்கு, மறைத்த கையின் மேலேயே நெய் விழுந்தது. கௌதள்ளியில் எந்தத் தெரு, எத்தனை பிள்ளைகள், சம்சாரத்துக்கு உடம்பு எப்படி என்று இரண்டு மொழியிலும் விசாரித்தார்கள். காசு வாங்கத் தெரியாத கைகளுக்கு இந்தக் காரியம் அற்புதமாக வந்தது. மனிதர் திணறிப்போய்விட்டார். என்னை மட்டும் யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. மேடையில் இருப்பவர்களை எங்கள் காலனியில் தொந்தரவு செய்வதில்லை.

கை கழுவிவிட்டு அவர் மேடை அருகே வந்து என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத்தன சோத்தைப் போட்டுப்புட்டு இப்பப் பலகையை எடுக்கறதுன்னா, எப்படிங்க கை வரும்? ஏனுங்க அக்கா, இது நாயமா?"

"நாங்க ஒண்ணுமே கேக்கலயே அண்ணா. இன்னொரு ஒப்பட்டு போடட்டுமா?" என்றாள் என் மனைவி.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "நல்ல பலகை எனக்கு வேணுமுங்க. குடோன்ல பழசு கெடக்குது. அதைய கொண்டாந்து ஆணி அடிச்சுத் தாரேன். கம்பி மூடி போட்டதும் திருப்பிக் குடுத்துடோணும். அதுவரைக்கும் சார் அங்கயே நிக்கட்டும், வேற என்ன வேலை அவருக்கு?"

வண்டி போய்த் திரும்புகிற வரை நின்றேன். ஆட்கள் ஒவ்வொரு பலகையாக மாற்ற, நான் ஒவ்வொரு பலகையாக நகர்ந்துகொடுத்தேன். கடைசி ஆணி இறங்கிய பிறகுதான் கீழே இறங்கினேன். 

அடுத்த கூட்டத்தில், விழா மாபெரும் வெற்றி, கிணறு மூடப்பட்டது என்று தீர்மானம் நிறைவேற்றினார்கள். என் பெயர் அதில் இல்லை. நடத்தை குறித்து வருத்தம் தெரிவித்த தனித் தீர்மானத்தில் இருந்தது. கம்பி மூடிக்காக மறுவருடமும் விழா நடந்தது. அதற்கடுத்த வருடமும் நடந்தது. உபசாரம் குறையவில்லை. மூடி இன்னும் வரவில்லை.

பலகைகள் அங்கேயேதான் இருக்கின்றன. மழைக்காலத்துக்குப் பிறகு சில உளுத்துப்போகும். ஷாமியானாக்காரர் வருவார், திட்டுவார், மாற்றுவார், சாப்பிட்டுவிட்டுப் போவார். நான் தினமும் வேலைக்குப் போகுமுன் ஒவ்வொரு பலகையாக ஏறி அழுத்திப் பார்க்கிறேன். என் மகள் பள்ளிப் பேருந்துக்கு அந்த வழியாகப் போவதை நிறுத்திவிட்டாள். கிணற்றுக்குப் பயந்து அல்ல, என்னைக் கண்டு. எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

இன்று காலையில் கிழக்கு ஓரத்துப் பலகை லேசாக அமுங்கியது. அவருக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். சமையலறையில் மனைவி பிசிபேளே பாத்துக்குக் காய் நறுக்கத் தொடங்கிவிட்டாள்.